ஒன்பது வரி வாக்குமூலம்

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எனக்கு மராத்தி சரளமாக வந்துவிட்டது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் புழங்கும் இந்தி போதும். அம்மாவுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி. அதனால் நிக்டியில் எங்கள் காலனிக்குள் குழாய் ரிப்பேர்காரரிடம் பேசுவது, கேஸ் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது எல்லாம் என் பொறுப்பு. திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும் என்னை நடுவீட்டில் நிறுத்தி நாலு வார்த்தை மராத்தி பேசச் சொல்வார்கள். நான் பேசுவேன். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாததாலேயே ரொம்பவும் மெச்சிக்கொள்வார்கள்.

எங்கள் காலனிச் சுவருக்குப் பின்னால் அப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் கம்பி கட்டும் வேலை செய்தார். அந்த அக்காவுக்கு இருபது வயதுகூட இருக்காது. அம்மா பால்கனியிலிருந்து என்னைத் தமிழில் திட்டுவதைக் கேட்டுத்தான் அவள் எங்களைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து சுவரின் இடிந்த பகுதி வழியாகக் குடத்தோடு வருவாள். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே "சோர், சோர்" என்று சத்தம் கேட்டது. முந்தின வாரம் காலனி மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திருடன் பிடிபட்டுவிட்டான் என்று நான் பால்கனிக்கு ஓடினேன். வட்டமாக நின்ற ஆண்களின் முதுகுகளும், தூக்கி இறக்கிய ஒரு கம்பும், உருண்டு கிடந்த ஒரு பிளாஸ்டிக் குடமும் தெரிந்தன. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. சாயங்காலம் வாட்ச்மேன், இனி எவனும் சுவரேறி வரமாட்டான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் யூனிஃபார்மில் இருந்தபோது அதே வாட்ச்மேன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பின்னால் கொட்டகையில் ஒரு மதராஸி செத்துக் கிடக்கிறான், ஹவல்தார் வந்திருக்கிறார், அவன் மனைவி பேசுவது யாருக்கும் புரியவில்லை, காலனி செக்ரட்டரி காகா பாப்பாவை அழைத்து வரச் சொன்னார் என்றார். என் மராத்தியின் புகழ் போலீஸ்வரை போய்விட்டது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. எங்கள் காலனியில் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒன்றில் ஒருவர் வங்கி அதிகாரி, இன்னொன்றில் ஒரு பள்ளி ஆசிரியை. அவர்களை விட்டுவிட்டுப் பத்து வயதுப் பிள்ளையை ஏன் கூப்பிட்டார்கள் என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

கொட்டகைக்குள் அக்காவின் கணவர் மேல் போர்வை போட்டிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹவல்தார், மடியில் அட்டையும் காகிதமும். அவருக்குப் பின்னால், காலனிப் பிள்ளைகள் எல்லாம் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் செக்ரட்டரி நின்றார். கணபதி விழாவில் எனக்குப் பேச்சுப் போட்டிப் பரிசு கொடுத்தவர். தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டவர்.

"என்ன நடந்ததென்று கேள்" என்றார் ஹவல்தார். நான் கேட்டேன்.

"நேத்து எனக்கு ஒடம்புக்கு முடியல பாப்பா. அதான் அவரு குடத்த எடுத்துக்கினு தண்ணிக்கு வந்தாரு. திருடன்னு சொல்லிக் கட்டி வெச்சு அடிச்சிருக்காங்க. தல மேலயே அடிச்சிருக்காங்க. எப்படியோ தவழ்ந்துகினு வந்து சேந்தாரு. வாந்தியா எடுத்தாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்கன்னு மேஸ்திரி கால்ல உழுந்தேன். தூங்கி எழுந்தா சரியாயிடும்னாரு. விடியக்காத்தால பேச்சே இல்ல."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஹவல்தாரின் பேனா அசையவில்லை. "யார் அடித்தார்களாம்?" என்று கேட்டார்.

அக்கா வாட்ச்மேனைக் காட்டினாள். பிறகு கையை மெல்ல நகர்த்தினாள். "அந்தக் கண்ணாடிக்காரரு பக்கத்துல நின்னுகினு அடி அடின்னாராம். எங்க வூட்டுக்காரரே சொன்னாரு, சாவறதுக்கு முன்னால."

நான் மராத்தியில் சொன்னேன்: "செக்ரட்டரி காகா நின்று அடிக்கச் சொன்னார் என்று சொல்கிறாள்."

சொன்ன பிறகு காகாவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "பாவம், துக்கத்தில் பேசுகிறாள்" என்று ஹவல்தாரிடம் சொன்னார். ஹவல்தார் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன் குடிப்பானா, கேள்."

"ஞாயித்துக்கெழமைல எப்பனா கொஞ்சம் குடிப்பாரு. நேத்து குடிக்கல பாப்பா. சொல்லு அவருகிட்ட, நேத்து குடிக்கல."

அதையும் முழுதாகத்தான் சொன்னேன். ஆனால் 'ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் குடிப்பார்' என்றதுமே பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னதை ஒரு பெரியவர் எழுதுகிறார் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எழுதி முடித்ததும் காகிதத்தை என்னிடம் நீட்டி, அவளுக்கு வாசித்துக் காட்டு என்றார். எனக்குப் பாடப்புத்தக எழுத்துத்தான் பழக்கம். அது கூட்டெழுத்தில் கிறுக்கியிருந்தது. வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். போலீஸ்காரர் கேட்டதைத்தானே எழுதியிருப்பார் என்று நினைத்தேன். "நீங்க சொன்னதெல்லாம் எழுதியிருக்காங்கக்கா" என்றேன்.

அக்கா என்னை நம்பிக் கட்டைவிரலை வைத்தாள்.

அம்மா மட்டும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி இது? அரைமணி நேரம் பேசியிருக்கா, இம்புட்டுதான் எழுதியிருக்காரு?" என்றாள். ஹவல்தாரிடம் தன் காய்கறிக் கடை இந்தியில், "பூரா லிக்கோ சாப், பூரா லிக்கோ" என்று சொல்லிப் பார்த்தாள். முழுதும் எழுதுங்கள் என்று அவள் கெஞ்சியது அவருக்கு நன்றாகவே புரிந்தது. அட்டையை மூடினார். இன்னொரு காகிதத்தை எடுத்தார். அது பஞ்சநாமா. இறந்தவர் கிடந்த இடத்தையும் உடம்பையும் பார்த்து, சம்பந்தமில்லாத இரண்டு பேர் முன்னிலையில் எழுதவேண்டிய பதிவு. அதில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் வாட்ச்மேன். மற்றவர் செக்ரட்டரி காகா.

இன்று நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பஞ்சநாமா நகல்கள் என் மேஜைக்கு வருகின்றன. மது அருந்தியிருந்தார், கால் தவறி விழுந்தார் என்ற வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் கீழே சாட்சிகள் யார் என்று முதலில் தேடுகிறேன். அடித்தவனையே சாட்சியாக நிறுத்தக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பழக்கம் ஒன்றே போதும் என்று இப்போது தெரிகிறது.

அப்பா வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். பிறகு, "பொழைக்க வந்த எடத்துல நமக்கு எதுக்கு இது?" என்றார். அம்மா அன்று அவருக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அம்மா என்னை நேராகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அதற்குள் உடம்பை எரித்துவிட்டார்கள். அக்காவைக் காலையிலேயே ரயிலேற்றி அனுப்பிவிட்டதாகக் கொட்டகையில் சொன்னார்கள்.

நிலையத்தில் இருந்த அதிகாரி முதலில் மரியாதையாகத்தான் பேசினார். கோப்பைத் தேடி எடுத்து அந்தக் காகிதத்தைத் தானே உரக்கப் படித்தார். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பார். குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறிக் கால் தவறி விழுந்தார். எனக்கு யார்மேலும் சந்தேகம் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. மொத்தம் ஒன்பது வரி.

"அக்கா அப்படிச் சொல்லவில்லை" என்றேன்.

அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "வாசித்துக் காட்டியது நீதானே? சரியாக இருக்கிறது என்று சொன்னதும் நீதானே? பொய்யாக வாசித்தால் என்ன தண்டனை தெரியுமா?"

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று அம்மா கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

"நாளைக்கு வரச் சொல்றாரும்மா" என்றேன்.

மறுநாள் அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். நான் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் தனியாகப் போனாள், அந்தக் காய்கறிக் கடை இந்தியை மட்டும் வைத்துக்கொண்டு. திரும்பி வர ஐந்து மணி ஆகிவிட்டது. அங்கே என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. செக்ரட்டரி காகா அடுத்த வருஷமும் செக்ரட்டரியாகவே இருந்தார்.

அன்று திரும்பி வந்ததும் அம்மா நான் படுத்திருந்த பாயில் உட்கார்ந்து என் தலையைத் தடவினாள். "உன் மேல தப்பில்லட்டி" என்றாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

வயிற்றுவலியைத்தான் சொல்கிறாள், நான் நடித்தது தெரியவில்லை என்று நினைத்தேன். தப்பித்தேன் என்ற நிம்மதியோடு தூங்கிப்போனேன்.