மூஞ்சூறுக்குள் போன நட்சத்திரங்கள்

பட்டப்பகலில் ஒரு காரின் மேல் நட்சத்திரம் முளைத்து நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அப்போது எனக்கு எட்டு வயது. கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டு வாசலில், கார்த்திகை மழை இரண்டு நாள் விட்டிருந்த சமயத்தில் நடந்தது அது.

கார் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவுக்கு ஒரே தம்பி. சென்னையில் காருக்கு மெருகு போடும் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு கருநீலக் காரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர். அதை வாடகைக்கு விட்டார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். வண்டியை ஓட்டின நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். "கட்டிக்கினு வர்ற பொண்ண இதுல பாதி கவனிப்பியாடா?" என்று அம்மா கேட்பாள். மாமா சிரித்துக்கொண்டே துடைப்பார்.

ஐப்பசியில் ஒருநாள், சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த மெழுகு டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வழித்துக் கார் முழுவதும் பூசினார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, "அவ்ளோதான், காலி" என்றார். அதற்குப் பிறகு பெய்த மழையெல்லாம் வேறு மாதிரி பெய்தது. மற்ற கார்களின் மேல் தண்ணீர் வழிந்து ஓடும். மாமாவின் காரில் மட்டும் முத்து முத்தாக நிற்கும். ஒரு முத்து உருண்டு இன்னொன்றைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகிச் சரியும். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கூட்டல் கணக்கு வரவில்லை என்று டீச்சர் சொன்னது நியாயம்தான். எனக்குத் தெரிந்த கூட்டல் அதுதான்.

பக்கத்து வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு வெள்ளி நிறம் அடிக்க ஒரு பெயிண்டர் வந்திருந்தார். அவர் கையில் பிரஷ் இல்லை, புஸ்ஸென்று பீய்ச்சுகிற துப்பாக்கி மாதிரி ஒன்று. மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். காற்று எங்கள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். கருநீலத்தின் மேல் பொடிப்பொடியாக வெள்ளி. போனட்டில், கூரையில், கதவுகளில், எங்கு பார்த்தாலும். வெயிலில் ஒவ்வொன்றும் கண் சிமிட்டியது. மொட்டை மாடியில் படுத்து அண்ணாந்து பார்க்கிற வானத்தை யாரோ மடித்துக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனதுபோல் இருந்தது. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரையும் போனட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை. மாமாவை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"கோச்சிக்காதண்ணே. தின்னர் வெச்சித் தொடச்சா அஞ்சு நிமிசத்துல பூடும்."

"பூடும். மெழுகும் கூடவே பூடும்" என்றார் மாமா.

சத்தம் கேட்டு வந்த அம்மா, "நாளைக்கு மத்தியானம் வித்துட்டு வரப்போற வண்டிக்கு மெழுகு இருந்தா இன்னா, போனா இன்னாடா?" என்றாள். மாமா பெயிண்ட் பொடி மேல் விரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மாமாவுக்குக் குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்தது. சங்கராபுரத்தில் ஒருவர், பெயிண்ட் புதுசு மாதிரி இருந்தால் காரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அடுத்த நாள் மத்தியானம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் விமான டிக்கெட். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அரைகுறையாகக் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் 'பார்ப்பது' என்றால் என்ன என்று எனக்கு ஒரு அனுபவம் உண்டு. சித்தியைப் பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள். பஜ்ஜி தின்றார்கள், போனார்கள், திரும்பி வரவேயில்லை. காரையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதனால் சங்கராபுரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் கவலை எல்லாம் நட்சத்திரம்.

மாமா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவந்தார். அதில் வெளிர்நீல நிறத்தில் ஒரு கட்டி, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"இது கார் தொடக்கிற களிமண்ணு பாப்பா. வழவழன்னு தண்ணி அடிச்சிட்டு, இத மேலாக்க ஓட்டணும். ஒட்டிக்கினு இருக்கிற பொடிய மட்டும் புடிச்சிக்கும். அழுத்தினா மெழுகு போயிடும். அழுத்தவே கூடாது."

பிறகு ஒரு பாலிதீன் பையை என் கையில் மாட்டிப் போனட்டைத் தடவச் சொன்னார். வெறுங்கையில் தெரியாதது பைக்குள் தெரிந்தது. நட்சத்திரங்கள் ரவை ரவையாக விரலைக் குத்தின.

"எல்லாத்தையும் புடிச்சிக்குமா?"

"ஒண்ணு விடாது."

அப்படியென்றால் ஒரு நட்சத்திரமும் மிஞ்சாது. மாமா தண்ணீரில் ஒரு சொட்டுக் கலக்க ஷாம்பு வாங்கிவரக் கடைக்குப் போனார். அம்மா கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொடுக்கப் போனாள். நானும் அந்த டப்பாவும் மட்டும் வீட்டில்.

எனக்கு அப்போதே கொஞ்சம் கள்ளத்தனம் உண்டு. ஆவணியில் குயவர் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் காலால் மிதித்துப் பிசைந்த மண். சாயங்காலம் அதே மண்ணுக்கு அம்மா கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிடித்து வைத்துவிட்டால் பிள்ளையார். பிள்ளையாரை எடுத்து யார் காரில் தேய்ப்பார்கள்?

பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் களிமண் சொன்ன பேச்சைக் கேட்டது. தொந்தி வந்தது, தும்பிக்கை வந்தது, காது இரண்டும் வந்தன. மீந்த துண்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மூஞ்சூறு. பிள்ளையாருக்கு விபூதி இட்டுக் குங்குமம் வைத்தேன். மூஞ்சூறுக்கு நெற்றி எங்கே என்று தெரியாததால் சும்மா விட்டுவிட்டேன். சாமி மாடத்தில் வைத்து ஒரு செம்பருத்தியும் சாத்தினேன்.

முதலில் பார்த்தது அம்மா. என்னைத் திட்டவும் வேண்டும், பிள்ளையாரைக் கும்பிடவும் வேண்டும், பாவம், எதை முதலில் செய்வது என்று தெரியாமல், "அடிப்பாவி... அப்பனே விநாயகா... அடிப்பாவி" என்று மாற்றி மாற்றிச் சொன்னாள்.

மாமா கேட்டது ஒன்றுதான். "தரையில வெச்சியா? மண்ணு பட்டுச்சா? பெயிண்ட்ட கீறிடும்."

"சாமிய யாராச்சும் தரையில வெப்பாங்களா?" என்றேன்.

அவர் மாடத்தை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தொட்றாத. பொட்டு வெச்சாச்சு. இத எடுத்துக் கார்ல தேய்ச்சிட்டு நீ கப்பல் ஏறுவியா, ஏரோப்ளேன் ஏறுவியா? பேசாம தின்னரப் போட்டுத் தொட."

"அது ஆவாதுக்கா."

"ஆவாதுன்னா வுடு. அந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டா போயேன் குவைத்துக்கு, பாக்கலாம்."

மாமா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மணி நாலு இருக்கும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு அடி அடித்திருந்தால் தேவலாம். அடிக்காமல், "ஏன் கண்ணு இப்பிடிப் பண்ணின?" என்று கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நட்சத்திரத்த அழிக்காத மாமா."

அவர் வாசலில் நின்ற காரை வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணுக்கும் அது நட்சத்திரமாகத் தெரிந்ததோ என்னவோ. பிறகு மாடத்தைப் பார்த்தார்.

"எக்கா, பொட்டு வெக்காதது ஒண்ணு இருக்குதே."

அம்மா மூஞ்சூறைப் பார்த்து யோசித்தாள். "எலிதான... எடுத்துக்க. ஆனா அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடு."

மாமா நிஜமாகவே கேட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, உன்னோட எலிய ஒரு நாளைக்கு இரவல் குடு. பத்திரமா கொண்டாந்து வுட்டுர்றேன்" என்றார். எனக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

மூஞ்சூறு அவர் விரல்களுக்கு நடுவில் ஒரு வட்டக் காசாகத் தட்டையானது. தண்ணீரை அடித்தார்; இரண்டு விரலால் அதை மிதக்கவிட்டார். முதலில் சரசரவென்று மணல் சத்தம். போகப்போகச் சத்தம் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமே கேட்காது. சத்தம் நின்ற இடத்தில் நட்சத்திரம் இருக்காது. களிமண்ணை மடித்து, பிசைந்து, புது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார். கைக்குழந்தைக்கு முகம் துடைப்பது போலத்தான் துடைத்தார். கோபமாக மூலையில் உட்கார்ந்திருந்த நான் எப்போது எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. வானத்தில் நட்சத்திரம் ஒவ்வொன்றாக வர, காரில் ஒவ்வொன்றாகப் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவில் இருந்த கடைசி ஒன்றும் போனது.

மாமா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் போனட்டின் மேல் ஊற்றிவிட்டுக் குனிந்து நின்றார். மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு முத்து முத்தாகப் பிரிந்து உருண்டது.

"இருக்குது பாப்பா, இருக்குது! கொஞ்சம் போயிருக்கும். ஆனா இருக்குது." என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் விடிந்ததும், "மலைக்கு ஒரு நட போயிட்டு அப்பிடியே சங்கராபுரம் போவலாமா?" என்று என்னைக் கேட்டார். கேட்கவா வேண்டும். வடக்கனந்தல் தாண்டி, அணையைத் தாண்டி, கல்வராயன் மலையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. பாதிக்கு மேல் பனிமூட்டம். ரோடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. மாமா ஒரு வளைவில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். எங்கோ மாட்டு மணிச் சத்தம். மேகம் காரைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. தொட்ட இடமெல்லாம் போனட்டில் சின்னச் சின்ன முத்துகள் பூத்தன, பெரிதாகின, நழுவின.  மாமா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவேயில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தூக்கம் வராதபோது நான் அந்த வளைவுக்குத்தான் போகிறேன்.

சங்கராபுரத்துக்காரர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயிண்ட்டை ஒரு பார்வை, அவ்வளவுதான். டயரை உதைத்துப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார். கையிலிருந்த மளிகைப் பையைத் தூக்கிப் போனட்டின் மேல் வைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார். மாமா அந்தப் பையை மெதுவாக எடுத்துத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"மெழுகு போட்டிருக்குதுங்க. வெறுந்தண்ணி ஊத்தினா போதும். சோப்புத்தூள் மட்டும் போட்டுறாதீங்க."

"செரி செரி" என்றார் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். வண்டியை ஏன் விட்டுவிட்டு வருகிறோம் என்று கேட்டதற்கு, "அது இனிமே அங்கதான் இருக்கும்" என்றார். பஜ்ஜிகூடத் தரவில்லையே என்பதுதான் எனக்கு உறைத்தது. மாமா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மூஞ்சூறு. காதும் வாலும் அவரே பிடித்திருந்தார், என்னுடையதைவிட அழகாக. வெளிர்நீலம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஜன்னல் வெயிலில் திருப்பியபோது உடம்பு முழுக்க வெள்ளி வெள்ளியாக மின்னியது.

"எல்லா நட்சத்திரமும் இதுக்குள்ளயா இருக்குது?"

"பின்ன, எங்க போவும்?" என்றார் மாமா.

அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின சனிக்கிழமை, அம்மா அவரைப் பின்கட்டில் மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். காய்ச்சின நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தட்டினாள். காதுமடல், பிடரி, தோள், முதுகு என்று ஒரு இடம் விடாமல், அழுத்தாமல், நிதானமாகப் பூசிக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தாள்.

"போதும்க்கா. அந்த ஊரு வெயில்ல இது எத்தினி நாளைக்கு நிக்கப்போவுது?" என்றார் மாமா.

அம்மா அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவர் முதுகில் ஊற்றினாள். மூஞ்சூறைக் கையில் உருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்த நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"இருக்குதும்மா, இருக்குது!" என்று கத்திக் கைதட்டினேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொம்போடு அப்படியே நின்றாள். இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லியும் ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவேயில்லை.