பார்க்காமல் போட்ட இரண்டு டிக்

மனநல வார்டில் அவளுக்குக் கால்மணி அக்கா என்று பெயர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வந்து சேர்ந்தவர்களைக் கால்மணிக்கு ஒருமுறை நேரில் பார்த்து, தாளில் அந்த நேரத்துக்கு எதிரே டிக் போட வேண்டும் என்பது அங்கே விதி. பார்ப்பது என்றால் வாசலிலிருந்து தலையை நீட்டுவதல்ல. முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும், போர்வைக்குள் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். வீட்டிலும் அதே கதைதான். "அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன், டிக் போட்டுட்டுப் போ" என்று மகள் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள். புருஷன் காய்ச்சலில் படுத்தபோது, "காய்ச்சல் என்னைக் கொல்லாது, நீ எட்டி எட்டிப் பாக்குறதுதான் கொல்லப் போகுது" என்றார்.

புதிதாக வரும் நர்ஸுகளிடம் அவள் சொல்வது ஒன்றுதான். "அழுறவங்களைக்கூட நம்பிடலாம். திடீர்னு முகம் தெளிஞ்சு சிரிக்கிறாங்க பாருங்க, அப்பதான் கண்ணை எடுக்கக் கூடாது." இவ்வளவும் தெரிந்தவள்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஒன்பது நாளுக்கு முன்பு சேர்ந்த கணக்கு வாத்தியார் அன்று காலை தெளிவாக இருந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். நர்ஸுகளின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சலவையிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவரைப் பார்த்து அக்கா டிக் போட்டாள். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். ஆறடி உயரம், ஊரைக் கூட்டும் கத்தல், கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்து எறிகிறான். இவளைக் கூப்பிட்டார்கள். போனால் அரைமணி ஆகும். வாத்தியார்தான் கண்ணெதிரே இருக்கிறாரே, எங்கே போய்விடப் போகிறார்? பக்கத்து நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பதினொன்றேகாலுக்கும் பதினொன்றரைக்கும் சேர்த்தே டிக் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. விரிப்பு ஒன்று பாதி மடித்தபடி நாற்காலியில் கிடந்தது. வாத்தியாரைக் காணோம்.

தலைமை நர்ஸை அங்கே பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் வந்ததும் முதலில் தாளைத்தான் எடுத்தார்.

"பதினொன்றரைக்குப் பாத்திருக்கீங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. கேட்ல என்ன சொல்றாங்க?"

போனில் இருந்த காவலாளி சொன்னார்: "பதினொண்ணு பத்துக்குச் சலவை வேன் போச்சும்மா. அதுக்கப்புறம் கேட்டைத் தொறக்கவே இல்ல."

"அப்ப ஆள் உள்ளதான் இருக்கார். பாத்ரூம், மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணித் தொட்டி, எதையும் விடாதீங்க."

எல்லாரும் ஓடினார்கள். அக்காவும் ஓடிப் போய்ப் பாத்ரூம் கதவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். புது ஆளை உள்ளே கொண்டுவரத் திறந்த வார்டுக் கதவை யாராவது சாத்தினார்களா? அழுக்குத் துணி மூட்டைகளும் அந்த வழியாகத்தானே வேனுக்குப் போகும்? வேறு யார் போட்ட டிக்காக இருந்தாலும் பெரிய சிஸ்டர் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். கால்மணி அக்கா போட்டது கல்வெட்டு. அது பொய்யென்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. சொன்னால் இருபத்திரண்டு வருடம் எடுத்த பெயர் ஒரு நொடியில் போகும், வேலையும் போகலாம். ஒருவேளை அடுத்த கதவுக்குப் பின்னால் அவர் இருந்துவிட்டால்? அப்படி நான்கு கதவு பார்த்தாள். மறைப்பானேன், அந்த நான்கு கதவையும் அவள் தன் மானத்துக்காகத்தான் திறந்தாள். ஐந்தாவது தாழ்ப்பாளில் விரல் வேர்வையில் வழுக்கியது. திறக்காமலே திரும்பி ஓடிவந்தாள்.

"அந்த ரெண்டு டிக்கும் பொய் சிஸ்டர். பதினோரு மணிக்கு மேல நான் அவரைப் பாக்கல. வேன் டிரைவருக்குப் போன் போடுங்க."

பெரிய சிஸ்டர் அவளை ஒருமுறை பார்த்தார். திட்டவும் நேரமில்லை. டிரைவர் போனை எடுத்தார். "வந்து பாத்தா பின்கதவு திறந்து கெடந்துச்சும்மா. ஒரு மூட்டை அவுந்து கெடக்கு. நான்தான் சரியாச் சாத்தலையோன்னு நெனச்சேன்" என்றார். சலவைக்கூடம் ரயில்வே கேட்டை ஒட்டி இருந்தது.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்து குதித்தாள். காத்து நின்ற பைக்குகளை இடித்துக்கொண்டு, யாரோ திட்டியதைக் காதில் வாங்காமல் முன்னால் போனாள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்துக்கு நாலடி தள்ளி, வார்டின் நீலச் சட்டையோடு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முன்னால்தான் பாய்வார் என்று அவளுக்குத் தெரியும். சத்தமில்லாமல் கம்பிக்கு அடியில் குனிந்து போய், பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப்பிடித்து, அப்படியே பின்பக்கமாக விழுந்தாள். இருவர் மேலும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு ரயில் போனது.

சத்தம் அடங்கிய பிறகு அவர் மெதுவாகப் பேசினார். "நீங்க மூணு டிக் போட்டதைப் பாத்தேன் சிஸ்டர். முக்கால் மணி நேரம் யாரும் தேட மாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன்."

"ஆமா சார். அதுல அரைமணி நான் குடுத்தது." சொல்லிவிட்டு அழுதாள். பிடியை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை வாத்தியார் பக்கம் போக வேண்டாம் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் வாத்தியாரின் மனைவி வந்து சேர்ந்தார். ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி மாதிரி வந்து காப்பாத்துனீங்க. நீங்க இல்லன்னா என் கதி என்னம்மா?"

பேசாமல் தலையாட்டியிருந்தால் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த நான்கு கதவைப் பற்றியும் சொல்லாமல் விடவில்லை. கேட்கக் கேட்க அந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. பிறகு கைகளை எடுத்துக்கொண்டு, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவரை யாரு பாத்துக்குவாங்க?" என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டார்.

"வேற நர்ஸைப் போட்டிருக்கோம்மா. நல்லாப் பாத்துக்குவாங்க."

"வேணாம்." அந்த அம்மாவின் முகத்தில் மன்னிப்பு ஒரு சொட்டும் இல்லை. அக்காவை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இவங்களையே போடுங்க. மத்தவங்களுக்கு இது வேலை. எனக்கு இருக்குற பயம் இனிமே இவங்களுக்குத்தான் இருக்கும்."