முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்

சர்ரென்று மெஷின் தாளை இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும். யாருடைய முகம் என்பது பிறகுதான் வெளியே வரும். அச்சகத் தொழில் அப்படி. லண்டன் டூட்டிங்கில் ஒரு சின்னத் தமிழ் அச்சகத்தில் இருபது வருடமாக எனக்கு இரவு ஷிப்ட். படம் திருத்துவது கம்ப்யூட்டரை நோண்டி நோண்டி நானாகப் பழகியது. என்னைப்போல இரவு வேலை செய்து பகலில் தூக்கம் வராமல் புரளுகிற உங்களுக்கு என் கண்ணெரிச்சலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கண்ணீர் அஞ்சலி

இறந்தவரின் மகன் படத்தோடு வந்தார். படத்தில் தகப்பன் வெயிலில் உழைத்த நிறத்தில் கம்பீரமாக நின்றார். மகன் அந்த நிறத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விளங்கிக்கொண்டு, மறுநாள் எரிக்கப்போகிற முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினேன். "இப்பதான் அப்பா மாதிரி இருக்கிறார், அண்ணை" என்றார்.

அமெரிக்கத் தேர்தல்

பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டு பானருக்காகக் காத்திருந்த, பக்கத்து ஸ்ட்ரெதம்காரர் ஒருவர், டிவியில் ஜனாதிபதித் தேர்தல் செய்தி பார்த்தார். கறுப்பின வேட்பாளர் சிரித்தால் பொறுப்பில்லையாம், முகத்தை இறுக்கினால் திமிராம், அவர் சொன்னார். வேட்பாளரின் கொள்கை என்ன என்று கேட்டேன். அதைக் கவனிக்கவில்லை என்றார். பானரில் மகளை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னார். கண்ணாடிக் கதவில் அவரும் நானும் அந்த வேட்பாளரைவிடக் கறுப்பாகத் தெரிந்தோம். "கறுவலுக்கு ஆர் அண்ணை வோட் போடுவினம்?" என்றார்.

கிரேஸ் அக்கா

கிரேஸ் அக்கா நைஜீரியாக்காரி. ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நின்றார். வென்றால் அந்தக் கதிரையில் முதல் கறுப்பினப் பெண். வாக்களிப்பு மறுநாள் காலை என்று போஸ்டர் அடிக்க வந்தார். சிரிக்கிற படமும் வேண்டாம், சிரிக்காத படமும் வேண்டாம் என்று என் போனில் முப்பது தடவை எடுக்கவைத்தார். உதட்டை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப் பெரும்பாடு பட்டார். சங்கத்தில் பாதிப் பேர் எங்கள் தமிழ் ஆட்கள், அவர்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்தானே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது போதும். கை தானாக வெளிச்சத்தைக் கூட்டியது. இருநூறு போஸ்டரும் அப்படியே அடித்து முடிந்தது. விடிய வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவருடைய இங்கிலீஷை என் தமிழில் சொல்கிறேன்: "நல்ல பொம்பிளையாத் தெரியிறா. இவவுக்கு நானும் வோட் போடுவன்."

இரண்டு முகம்

தொட்ட படத்தையும் தொடாத படத்தையும் ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாக்களிப்புத் தொடங்க இரண்டு மணித்தியாலம் இருந்தது. திரும்ப அடிக்க நேரம் காணும். ஆனால் அடித்து, அவர் தோற்றுப்போனால்? எது வெல்லும், மறைக்காமல் சொல்லு என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வெளுத்த முகத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார். "எனக்கும் தெரியும். மற்றதை அடி" என்றார்.

இருபது வருடமாக ஆட்கள் விரும்பிய முகத்தையெல்லாம் அடித்துக் கொடுத்தவனிடம், ஒருத்தி தன்னுடைய முகத்தையே கேட்டது இதுதான் முதல் தடவை. தாள் கட்டைப் பிரித்து, உதறி, ட்ரேயில் அடுக்கத் தொடங்கினேன்.