புது மேனேஜருக்குக் கடைசி சீட்டு

மேகமலைக்குப் போகும் பேருந்தில்தான் அந்த எஸ்டேட் சூப்பர்வைசரைச் சந்தித்தேன். ஒல்லியானவர், காதோரம் நரை. பேசுமுன் மீசையைத் தடவிக்கொள்வார். கூட வந்த இளைஞரைக் கடைசி சீட்டில் உட்காரவைத்துவிட்டு, முன்னால் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"புது மேனேஜரு. கோயம்புத்தூர்லருந்து வந்திருக்காக. அந்த வேலை எனக்குத்தான்னு மொதலாளி சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார்.

"முன்னாடி இடம் கிடக்கே?"

மீசையைத் தடவினார். "பெரிய பதவில்ல? அங்கன காலை நீட்டி உக்காரட்டும்."

பாதை முழுக்கக் குண்டும் குழியும். பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி மலையில் இளைஞர் வாந்தியெடுத்தார். சூப்பர்வைசர் ஓடிப்போய் முதுகை நீவிவிட்டார்.

"இந்த ரோட்டுல அடிக்கடி வரணுமா?" என்று இளைஞர் முனகினார்.

"எங்களுக்கு எப்பவாச்சும்தான் சார். மேனேஜருக்குத்தான் வாராவாரம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் தன் துண்டை நனைத்து இளைஞரின் முகத்தைத் துடைத்துவிட்டார்; முன்சீட்டுக்குத் திரும்பவே இல்லை. அந்தக் குலுங்கலில் இளைஞரைத் தோளில் சாய்த்துக்கொண்டே மலையேறினார்.

இறங்கும்போது, "இவர் நிலைப்பாரா?" என்று கேட்டேன்.

"நிலைச்சாகன்னா அவுக நல்ல மேனேஜரு. ஓடிப்போயிட்டாகன்னா நான் நல்ல மேனேஜரு."

இரண்டில் எதற்கு ஆசைப்பட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.