முனியாண்டி அண்ணன் பாஸ் பண்ணிய ரத்தப் பரிசோதனை

ரிப்போர்ட்டில் இரும்புச் சத்து நன்றாக இருந்தது. பிரச்சினையே அதில்தான் ஆரம்பித்தது.

ஜெலாப்பாங் என்ற ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். தரை துடைப்பது, ரத்தம் எடுத்த குழாய்களை லேப் ஆள் வரும்வரை பெட்டியில் அடுக்குவது, ரிப்போர்ட்டை டாக்டர் மேசையில் வைப்பது, இவ்வளவுதான் வேலை. மற்றதெல்லாம் காதில் விழுந்து கற்றது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். ரத்தப் பரிசோதனை அவர்களுக்குப் பரீட்சை மாதிரி. மூன்று நாள் முன்பே சீனியை நிறுத்திவிட்டுப் பாகற்காய் சாப்பிடுவார்கள். டாக்டரிடம் ஏச்சு வாங்காவிட்டால் பாஸ். நோய் அது பாட்டுக்கு இருக்கும்.

முனியாண்டி அண்ணன் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவலாளி. வேலையைப் புதுப்பிக்க மெடிக்கல் கேட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் பத்துதான் இருந்தது, சிவப்பணுக்களும் அளவில் சின்னவை. டாக்டரம்மா இரும்புச் சத்து டெஸ்ட்டுக்கு அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொன்னார். அன்று எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அண்ணன் என்னிடம் சொன்னார்:

"அக்கா, இந்த வாட்டி பெயிலாக மாட்டேன் லா. மருமக மாசமா இருக்கு. அதுக்குக் குடுத்த இரும்பு மாத்திரைய மூணு நாளா ரெண்டு ரெண்டா போட்டேன். இன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வாரேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"படிச்சிட்டு வந்தத வாத்தியார்கிட்ட யாராச்சும் சொல்லுவாங்களா?"

நானும் சிரித்தேன். அது என் தப்பு.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா அவரிடம், "செல் சின்னதா இருக்கு, ஆனா இரும்பு குறையல. அப்ப இது தலசீமியா வகையா இருக்கலாம். பிறவியிலயே வர்றது. உங்களுக்கு ஒன்னும் ஆகாது. உறுதி பண்ண இன்னொரு டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்," என்றார்.

"எங்கப்பா எழுதி வச்ச சொத்து இது ஒன்னுதான் போலருக்கு," என்றார் அண்ணன், சந்தோஷமாக. எழுந்தவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். துடைப்பத்தோடு வெளியே நின்ற நான் அதைப் பார்த்தேன்.

டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். அண்ணன் மாத்திரை போட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன்.

"யாரு வச்சது இது? எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே அக்கா. நீங்களே சொல்லுங்க."

துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார். "செல்லும் சின்னது, எண்ணிக்கையும் குறைவு. தலசீமியான்னா எண்ணிக்கை பெரும்பாலும் கூடியிருக்கும். ரிப்போர்ட்ல இருந்த இரும்பு அவரோடது இல்ல, அன்னைக்குப் போட்ட மாத்திரையோடது. ஓடிப் போய் அவரக் கூப்பிடுங்க."

மோட்டார் சைக்கிளில் ஏறப் போனவரைப் பிடித்து வந்தேன்.

"காட்டிக் குடுத்துட்டீங்களே அக்கா," என்றார். டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"வெளிக்கிப் போனா கறுப்பா போகுதா?"

"ஆமா டாக்டர். இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு மருமக சொல்லுச்சு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

மாத்திரை போட்டது மூன்று நாள். பிறகு விசாரித்ததில், முட்டி வலிக்குப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயரில்லாத மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியதும் வெளியே வந்தது.

உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தார்கள். அது அடிமட்டத்தில் இருந்தது. பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்ததில், அந்த மாத்திரையால் வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வேலையைப் புதுப்பிக்க ஆள் இருந்திருக்க மாட்டார் என்று அங்கே சொன்னார்களாம். புண் ஆறியது. வேலையும் கிடைத்தது. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

கிளினிக் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட்டைப் படிக்குமுன் ஆளிடம் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். கவுண்டரில் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். தரை துடைத்துக்கொண்டே கேட்டால் எல்லாம் சொல்வார்கள். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் கேட்டேன். ஒவ்வொன்றும் உள்ளே டாக்டர் காதுக்குப் போவது, முனியாண்டி அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.