இருட்டிய பிறகும் நானே ஓட்டினேன்: ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூர் வரை

கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, எதிரே வரும் விளக்கு கண்ணை அடிக்கிறது, ஆனாலும் இருட்டில் கார் ஓட்டியாக வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. துறையூரில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மலைக்கோட்டைக்குக் கீழே மொத்தக் கடைகளில் சரக்கு எடுக்க நானே காரில் போவேன். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

நாலு மாதமாக இருட்டில் ஓட்ட எனக்குப் பயம். ஒவ்வொரு விளக்கும் மத்தாப்பு மாதிரி சிதறும். கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு இப்ப அவசரமில்லம்மா. வண்டி ஓட்டுற அளவுக்குப் பார்வை இருக்கு. கூசினா மட்டும் ஓரங்கட்டிடுங்க" என்றார். என் கணவரோ ஒரு டிரைவரின் நம்பரையே வாங்கி வந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "இந்தத் தடவை இருட்டுல ஓட்டிக் காட்டுறேன். முடியலன்னா சாவிய நானே அந்த ஆள்கிட்ட குடுத்துடுறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரைக்கு இருவரும் கிளம்பி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்ரீரங்கம். மலைக்கோட்டைச் சந்துகளுக்குள் காரைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்ரீரங்கத்திலேயே நிறுத்திவிட்டு டவுன் பஸ் பிடியுங்கள். பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் கிடையாது, என் கணவருக்கு உண்டு. அந்த ஒரு சந்தோஷத்துக்காகவே நான் பஸ்ஸில் போவேன். துணி எடுத்து முடித்து, இரண்டு மூட்டையோடு நூற்றைம்பது ரூபாய் ஆட்டோவில் திரும்பி, பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வர ஆறே முக்கால்.

கொள்ளிடம் பாலத்தில் ஏறியதுமே என் வீராப்பெல்லாம் போய்விட்டது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவி, ரோடே தெரியவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். என் கணவர் போனை எடுத்து அந்த டிரைவர் நம்பரைத் தேடினார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் பேப்பரால் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, மயக்கமா?" என்றார்.

"கண்ணுல புரைங்க. வெளிச்சம் சிதறுது."

அவர் குனிந்து, டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் எங்கள் முன்கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து கண்ணாடியின் உள்பக்கம் ஒரு விரலை இழுத்தார். விரல் பழுப்பாக வந்தது. "புரை உங்க கண்ணுல மட்டும் இல்லம்மா, கண்ணாடியிலயும் இருக்கு" என்றவர், என் கணவரைப் பார்த்து, "ஏன் சார், வண்டிக்குள்ளயே பீடியா?" என்று கேட்டார்.

"ஐயையோ, சாம்பிராணிங்க!" என்று பதறினார் இவர்.

உண்மைதான். வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குள் சாம்பிராணி காட்டுவார். எனக்குக் கண் கூச ஆரம்பித்ததும் திருஷ்டி என்று செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டார். வெளிப்பக்கத்தை நான் தினமும் துடைப்பேன். உள்பக்கம் யார் பார்த்தது?

பெட்டிக்கடையில் இரண்டு பாக்கெட் ஷாம்பு வாங்கி, தண்ணீரில் கலந்து, அந்த லாரிக்காரர் கொடுத்த பேப்பரால் இவரே தேய்த்தார். பேப்பர் கறுத்துக்கொண்டே வந்தது. "நல்லாத் தேயுங்க" என்று நான் நின்று வேலை வாங்கினேன்.

ஏழரைக்குக் கிளம்பினோம். முதல் பஸ் எதிரே வந்தது. விளக்கைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது, அது என் கண்ணுடையது. ஆனால் ரோடு தெரிந்தது, இடது ஓரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது! "தெரியுதுங்க!" என்று கத்தியே விட்டேன். மண்ணச்சநல்லூர், புலிவலம் எல்லாம் கடந்து, வேகம் நாற்பத்தைந்துக்கு மேல் போகாமல், எட்டே முக்காலுக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். வழியில் இவர் ஒருமுறைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை.

உங்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓட்டலாம் என்றால், கிளம்புமுன் கண்ணாடியை உள்ளேயும் துடையுங்கள், மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து. டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். எதிர்விளக்கை உற்றுப் பார்க்காமல் இடது கோட்டைப் பாருங்கள். கூசினால் நிறுத்துங்கள். நான் அன்றைக்கு நிறுத்தியதால்தான் விஷயமே தெரிந்தது. எனக்கும் ஒருநாள் ஆபரேஷன் வரும், செய்துகொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டோடு இவர் காரிடம் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாலு கதவையும் இழுத்துப் பார்த்து, எல்லாம் மூடியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, வெளியிலேயே மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு சாவியை என் கையில் வைத்தார்.

"போதுமா, டிரைவரம்மா?"