அசலைப் போலக் கசந்த போலி

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது என் வீட்டுக்காரருடைய நாக்கு. மலேரியா ஆராய்ச்சிக்கூடத்தில் பதினெட்டு வருடம் அவர் போலிக் கஷாயம் காய்ச்சினார். அங்கே நோயாளிகள் எல்லோருக்கும் மாத்திரை உண்டு. கூடவே பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு வைத்தியரின் மூலிகைக் கஷாயம், மீதிப் பேருக்கு இவருடைய போலி. கஷாயம் சேர்ந்தால் காய்ச்சல் சீக்கிரம் இறங்குகிறதா என்பதுதான் சோதனை. பாட்டிலில் எண் மட்டும் இருக்கும். எது அசல் என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

போலி என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே! அசலில் ஒரு வாய், தன்னுடையதில் ஒரு வாய் என்று காலை முழுக்கக் குடித்துப் பார்ப்பார். சர்க்கரையைக் கருக்குவார், ஆரஞ்சுத் தோலைக் கொதிக்க வைப்பார். வீட்டுக்கு வந்தால் நான் எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்பார். உப்பே போடாத அன்றும் அதையேதான் சொன்னார்.

என் அப்பா மூலிகை வைத்தியர். மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏமாத்துறதுக்குப் போயி ஒரு உத்தியோகமா?" என்பார். அவருடைய கஷாயத்தையே கூடம் சோதனைக்கு எடுத்ததும் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்கே மலேரியா வந்தது. மாத்திரையைக் கண்ணில் காட்டவே விடவில்லை. தன் கஷாயத்தைக் குடித்துக் குடித்து மூன்றாம் நாள் என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தார்.

மறுநாள் கொஞ்சம் தெளிந்ததும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா, நீங்களே சோதனையில சேர்ந்துடுங்க. உங்க மருந்து ஊருக்கே தெரியட்டும். ஆனா சோதனைக்குன்னு ஒரு விதி இருக்கு, மாத்திரையும் முழுங்கணும்."

"விதின்னா சரி," என்றார் அப்பா.

கஷாயம் காய்ச்சியவரையே சேர்ப்பதா என்று கூடத்து டாக்டர் முதலில் தயங்கினார். யாருக்கு எது என்று தனக்கே தெரியாதபோது இவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார். அப்பா மாத்திரையை முழுங்கினார். கஷாயத்தில் ஒரு வாய் குடித்தார்.

"அசல்! என் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?"

மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள் எழுந்து நடமாடினார். தெருவெல்லாம் கஷாயப் புராணம்தான்.

நான்கு மாதம் கழித்து உறையைப் பிரித்தார்கள். அசல் குடித்தவருக்கும் போலி குடித்தவருக்கும் காய்ச்சல் ஒரே மாதிரிதான் இறங்கியிருந்தது. அப்பா குடித்தது போலி. என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய் வந்து, ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னார்.

"அப்ப என்னைப் பிழைக்க வச்சது?"

"மாத்திரை, மாமா."

அப்பா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும். கடைசியில லேசா இனிச்சுது," என்றார்.

பதினெட்டு வருடமும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர் துள்ளி எழுந்தார். "என்னை என்ன வேணா சொல்லுங்க மாமா. இனிச்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மறுவாரம் காய்ச்சலோடு ஒருவர் கஷாயம் கேட்டு அப்பாவிடம் வந்தார். நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல்ல போய் ரத்தத்தைச் சோதிச்சு மாத்திரையைப் போடு. அதுக்கு மேலயும் கசப்பு வேணும்னா என் மாப்பிள்ளை காய்ச்சித் தருவாரு. என்னுதை விட அது ஒண்ணும் குறைஞ்சதா இருக்காது," என்றார் அப்பா. அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.